வண்டிக்குத் தெரியாத பாரம்

இப்போதெல்லாம் சொந்தமாக ஒரு முடிவு எடுக்க யாருக்கும் தெம்பு இல்லை. இடது பக்கம் திரும்புவதா வலது பக்கமா என்று போன் சொல்ல வேண்டும். மழை வருமா என்று வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறவன் கிடையாது, அதற்கும் போன். ஆஸ்பத்திரிக்குப் போய் வயிறு வலிக்கிறது என்றால், டாக்டர் என் வயிற்றைத் தொடாமல் கம்ப்யூட்டரைத் தொடுகிறார். ஏன் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான். "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது." அந்த சிஸ்டம் யார், எவன் பெற்ற பிள்ளை, எங்கே குடியிருக்கிறான் என்று மட்டும் எவனும் சொல்ல மாட்டான்.

கடைசியில் லாரிக்கும் அந்த வியாதி வந்து சேர்ந்தது.

நான் கான்கிரீட் மிக்சர் ஓட்டுகிறவன். முதுகில் பெரிய டிரம் சுற்றிக்கொண்டே போகுமே, அந்த லாரி. எங்கள் பிளான்ட் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. முன்பு கல் உடைத்த குழி. ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர் எல்லாவற்றையும் மேலே கலந்து கீழே கொட்டுகிற ஒரு பெரிய வாய் உண்டு. லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய் அந்த வாய்க்குக் கீழே நிறுத்த வேண்டும். டிரம் நிறைந்ததும் மூக்குக்கு நேரே மேடு. மேட்டில் ஏறினால் கேட், கேட்டைத் தாண்டினால் ரோடு. நிறை பாரத்தோடு அந்த மேட்டில் ஏறும்போது கடவுளைக் கூப்பிடாத டிரைவரை நான் பார்த்ததில்லை.

என் வண்டி பழசு. கியரை நான்தான் போட வேண்டும். எந்தக் கியர் என்று என் காது சொல்லும், உட்காருகிற இடம் சொல்லும். என் சின்ன மகள் ஓட்டுவது புதுசு. மூத்தவள் கல்யாணம் செய்துகொண்டு போனாள், இவள் ஹெவி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். புது வண்டியில் கிளட்ச் பெடலே கிடையாது. கிளட்ச் உள்ளே இருக்கிறதாம், ஆனால் அதை அழுத்துவது, கியர் மாற்றுவது எல்லாம் வண்டியே பார்த்துக்கொள்ளுமாம். டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்தால் போதுமாம். அப்படியானால் டிரைவர் எதற்கு, ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போகலாமே என்று நான் அன்றைக்கே கேட்டேன். மேனேஜர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

புது வண்டி இரண்டு வந்தது. ஒன்று என் மகளுக்கு, இன்னொன்று நெட்டையனுக்கு. நெட்டையன் என்று சொன்னால் பிளான்டில் எல்லாருக்கும் தெரியும். உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும், எழுந்தால் வேலை இடிக்கும். அப்படிப்பட்ட சோம்பேறி.

என் மகளோ இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்வாள். டிரம் நிறைந்ததும் ஒரு நிமிஷம் வீணாக்க மாட்டாள். பின்னால் அடுத்த வண்டி காத்திருக்குமே என்று நேராக மேட்டைப் பிடிப்பாள். அவள் வண்டியில்தான் கிளட்ச் கருகியது. மாற்றினார்கள். மறுபடி கருகியது. நெட்டையன் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

இரண்டாவது கிளட்ச் போன அன்று மேனேஜர் எங்கள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை போச்சுன்னா என்னால மேல பதில் சொல்ல முடியாதும்மா. உன்னை டிரம் கழுவற இடத்துக்கு மாத்திட்டு, வண்டியைப் பெரியவர்கிட்ட குடுக்கறதைத் தவிர வேற வழியில்லை" என்றார்.

பெரியவர் என்றால் நான்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"உங்களை யாரும் கேக்கலீங்க."

"கேட்டாலும் கேக்காட்டாலும் வேண்டாம். மக வண்டியை அப்பன் பிடுங்கிக்கிட்டான்னு ஊர் பேசறதுக்கா? அதுவும் இந்த வண்டியை."

மகள் என் கையைத் தட்டினாள். "அப்பா, சும்மா இருங்க." பிறகு மேனேஜரைப் பார்த்தாள். "வண்டியை எடுத்துக்குங்க சார். ஆனா காரணத்தைச் சொல்லிட்டு எடுங்க. நான் தப்பா மிதிக்கறேன்னா எப்படித் தப்புன்னு காட்டுங்க. கம்பெனி சர்வீஸ்காரரை வரச் சொல்லுங்க. என் முன்னாடி நின்னு சொல்லட்டும்."

"அவர் ஏற்கெனவே சொல்லிட்டார்மா. டிரைவர் ஓட்டற விதம்னு எழுதிக் குடுத்திருக்கார்."

"கிளட்சை மட்டும் கழட்டிப் பார்த்துட்டு எழுதினார். நான் ஓட்டறதை எங்க பார்த்தார்?"

மேனேஜர் பேனாவை உருட்டினார். இவள் நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்கு அவள் அம்மாவின் ஞாபகம் வந்தது. அவளும் இப்படித்தான், கேட்டது கிடைக்கிற வரைக்கும் உட்கார்ந்த இடத்தில் வேர் விட்டுவிடுவாள். கடைசியில் மேனேஜர் போனை எடுத்தார்.

வெளியே வந்ததும் சொன்னேன். "கிளட்ச் விக்கறவனே கிளட்ச் ஏன் போச்சுன்னு சொல்லுவானா? அவனுக்கு வியாபாரம்டீ."

"சரிப்பா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். நிறை பாரத்துக்கு எந்தக் கியர்ல எடுப்பீங்க?"

"இது ஒரு கேள்வியா? ஒண்ணு."

"என் வண்டி மூணுல எடுக்குது."

"என்னது? அவ்வளவு பாரத்தை மூணுல எடுத்தா கிளட்ச் வழுக்கி எரிஞ்சிடுமே!"

"முன்னாடி சின்னதா ஒரு நம்பர் எரியும். கிளம்பும்போது நான் கண்ணாடியைத்தான் பார்ப்பேன், நம்பரைப் பார்க்கறதில்ல. நேத்து பார்த்தேன். மூணு."

"அப்ப அது குடிச்சிருக்கு."

"நெட்டை அண்ணன் வண்டியில நேத்து டீக்கடையிலிருந்து கேட் வரைக்கும் போனேன். அவர் வண்டி ஒண்ணுல எடுத்துச்சு. அதே வண்டி, அதே பாரம், அதே மேடு."

"அவன் வண்டி நல்ல வண்டி. உன்னுது கோளாறு. இதுல ஆராய்ச்சி என்ன வேண்டிக்கிடக்கு?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சர்வீஸ்காரர் மறுநாள் காலையில் வந்தார். தொப்பை, மடியில் வைக்கிற கம்ப்யூட்டர், கால் நோகாத செருப்பு. ஆள் மரியாதைக்காரர்தான், அதை மறுக்க மாட்டேன். மரியாதையாகப் பேசுகிறவனிடம்தான் பர்ஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம்.

என் மகள் வணக்கம் சொன்ன கையோடு கேட்டாள். "சார், நின்ன இடத்திலிருந்து கிளம்பும்போது எந்தக் கியர்னு வண்டி எதை வச்சு முடிவு பண்ணுது?"

கம்ப்யூட்டரைத் திறந்தவர், மூடிவிட்டு அவளைப் பார்த்தார். இப்படி யாரும் கேட்டதில்லை போல.

"மூணு விஷயம் பார்க்கும்மா. ஒண்ணு, நிக்கற தரை சாய்வா இருக்கா, மட்டமா இருக்கா. ரெண்டு, நீ எவ்வளவு அழுத்தி மிதிக்கறே. மூணு, மேல எவ்வளவு பாரம். காலி வண்டி, மட்டமான தரை, மெதுவான காலுன்னா ஒண்ணாம் கியர் எதுக்கு? மூணுல எடுத்துடும். டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம்."

"பாரம் அதுக்கு எப்படித் தெரியும்? கீழ தராசு கட்டி விட்டிருக்கீங்களா?" என்று நான் கேட்டேன்.

"சில வண்டியில இருக்குங்க. இதுல இல்ல. இது ஓடும்போதுதான் கணக்குப் போடும். இவ்வளவு இழுத்தேன், இவ்வளவுதான் வேகம் வந்துச்சு, அப்ப முதுகுல இவ்வளவு இருக்குன்னு. நின்னுட்டா, கடைசியாப் போட்ட கணக்கை மனசுல வச்சிருக்கும்."

"நின்னுக்கிட்டு இருக்கும்போது பாரத்தை ஏத்தினா?"

"தெரியாது. நகர்ந்தாத்தான் தெரியும்."

நான் மகளைப் பார்த்தேன். "முதுகுல மூட்டையை வச்சா கழுதைக்குக்கூட அந்த நிமிஷமே தெரியும்டீ."

"அப்பா!"

"சாதாரணமா பிரச்சினை வராதுங்க" என்றார் அவர், என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல். "பாரம் ஏத்தறப்போ இஞ்சினை நிறுத்திடுவாங்க இல்ல? நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினா பழைய கணக்கை அழிச்சிடும். எதுக்கும் இருக்கட்டும்னு பாரம் இருக்கற மாதிரியே எடுத்துக்கும்."

"நாங்க நிறுத்த மாட்டோம் சார்" என்றாள் என் மகள்.

"ஏன்?"

"இஞ்சின் ஓடினாத்தானே டிரம் சுத்தும். டிரம் சுத்தினாத்தானே கலவை உள்ள இறங்கும். இஞ்சினை நிறுத்தினா எல்லாம் வாயிலயே அடைச்சுக்கும்."

சர்வீஸ்காரர் பள்ளத்தை ஒரு சுற்று பார்த்தார். கொட்டுகிற வாய், அதற்குக் கீழே லாரி நிற்கிற மட்டமான தரை, அதற்கு எதிரே மேடு.

"அப்ப அது காலியா வந்து நிக்குது" என்றார் மெதுவாக. "நீ நிரப்பறே. அது இன்னமும் காலின்னே நினைச்சுக்கிட்டிருக்கு. தரையும் மட்டம். இதுல நீ காலை வேற மெதுவா வச்சேன்னா..."

"மெதுவாத்தான் வைப்பேன்."

"யாரும்மா அவ்வளவு மெதுவா மிதிக்கச் சொன்னது?"

கோழிக்குஞ்சு மேல் கால் வைக்கிற மாதிரி ஆக்சிலரேட்டரில் கால் வைக்க வேண்டும் என்பது நான் அவளுக்குச் சொன்னது. அதில் இன்றைக்கும் தப்பு இல்லை. கால் அழுத்தமானவன் வண்டி சீக்கிரம் பழைய இரும்புக்குப் போகும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேலே மணல் குவித்திருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் இவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், இப்போது இடையில் புகுந்தார். "எல்லாம் சரி. அப்ப அவன் வண்டி ஏன் கருகல? அவனும்தானே நிரப்பிக்கிட்டுப் போறான்?"

நெட்டையன் தன் வண்டி ஏணியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். "கை ராசிங்க" என்றான்.

"அண்ணே, டிரம் நிறைஞ்சதும் எங்க போவீங்க?" என்று என் மகள் கேட்டாள்.

"எங்க போவேன்? சைட்டுக்குத்தான்."

"அதுக்கு முன்னாடி?"

அவன் மேனேஜரை ஓரக்கண்ணால் பார்த்தான். "அது... போற வழியில... ஒரு டீ."

பள்ளத்தின் அந்தக் கோடியில் டீக்கடை. கொட்டுகிற வாய்க்கு அடியிலிருந்து இடது பக்கம் ஒடித்து, மட்டமான தரையில் முழு யார்டையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போகிற வழியே இல்லை அது.

"டெய்லியா?" என்றார் மேனேஜர்.

"சுகர் கம்மியாத்தான் சார் குடிக்கறேன்."

என் மகள் சர்வீஸ்காரர் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு பளிச். "அந்தச் சுத்துல வண்டி பாரத்தைத் தெரிஞ்சுக்குது. அப்புறம் டீக்கடையிலிருந்து கிளம்பி மேட்டுக்கு வரும்போது ஒண்ணுல எடுக்குது. அப்படித்தானே சார்?"

"இருக்கலாம்மா."

"இருக்கலாம்னா போதாது. மேனேஜர் சார் கண்ணால பார்க்கணும். நெட்டை அண்ணன், அவர் வண்டியிலேயே, டீ குடிக்காம நேரா மேட்டுல ஏறட்டும்."

"ஏய், நான் எதுக்கு..." என்று நெட்டையன் இழுத்தான்.

"கை ராசிக்காரராச்சே, பயப்படாதீங்க" என்றாள்.

மேனேஜருக்கும் டீ விஷயத்தில் கோபம் இருந்தது. "ஏறுடா" என்றார்.

அவன் முறைதான் அது. சைட்டில் காத்திருக்கிற நிஜக் கலவைதான் டிரம்மில் விழுந்தது. விளையாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. நிறைந்ததும் அவன் மிதித்தான். வண்டி நகர்ந்தது, மேட்டின் அடியைத் தொட்டது, முனகியது. எனக்கு அந்த முனகல் தெரியும். சாகப்போகிற மாடு முனகுகிற மாதிரி. அப்புறம் வாசனை. கருகுகிற வாசனை மூக்கைத் துளைத்தது. வண்டி பாதி மேட்டில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது, அடியிலிருந்து புகை.

"நிறுத்து! காலை எடு! பிரேக்கைப் போடு!" என்று சர்வீஸ்காரர் செருப்பு ஒரு பக்கம் போக ஓடினார்.

நெட்டையன் குதித்து இறங்கினான். முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணலைங்க! சும்மா மிதிச்சேன், அது இழுக்கவே இல்லைங்க!"

என் மகள் இரண்டு தடவையும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். அப்போது யாரும் நம்பவில்லை. இவன் சொன்னதும் மேனேஜர் தலையை ஆட்டுகிறார். எனக்குக் கையில் அரிப்பு எடுத்தது.

"என்ன நம்பர் காட்டிச்சு அண்ணே?"

"மூணு."

இதோடு விட்டிருக்கலாம். அவள் நிரபராதி என்று தெரிந்துபோயிற்று. ஆனால் டிரம்மில் கலவை சுற்றிக்கொண்டிருக்கிறது, சைட்டில் ஆட்கள் நிற்கிறார்கள், வண்டி பாதி மேட்டில். நெட்டையனைப் பார்த்தால் இன்னொரு முறை ஏறுகிறவன் மாதிரி தெரியவில்லை.

"நான் எடுக்கறேன்" என்றாள் என் மகள்.

மேனேஜர் அவளை மறித்தார். "யோசிச்சுக்கோம்மா. இந்தக் கிளட்ச் ஏற்கெனவே பாதி வெந்திருக்கு. உன் கையில போச்சுன்னா நாளைக்கு மேல இருக்கறவங்க காரணம் கேக்க மாட்டாங்க. மூணாவதும் இவதான்னு எழுதிடுவாங்க."

"தெரியும் சார்."

நான் கிட்டே போனேன். "கையால ஒண்ணாம் கியரைப் போட்டு ஏறு. போட முடியும்தானே அதுல?"

"முடியும்ப்பா. பட்டன் இருக்கு."

"அப்புறம் என்ன? போட்டுட்டுப் போய்ச் சேரு."

"கையால போட்டா நான்தான் போட்டேன்னு ஆகும். வண்டி தெரிஞ்சுக்குதுன்னு எப்படித் தெரியும்? நாளைக்கு மறுபடியும் என் காலைத்தான் குத்தம் சொல்லுவாங்க."

"அதுகிட்ட போய் உன் பிழைப்பை ஒப்படைக்கறியேடீ!"

"நானே சொல்லிட்டு நானே பயந்தா எப்படிப்பா?"

சர்வீஸ்காரர் கிளட்ச் சூடு தணியட்டும் என்றார். எல்லாரும் நின்றோம். டிரம் மட்டும் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சரி என்றதும் அவள் ஏறினாள். முதலில் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறக்கினாள். மட்டமான தரைக்கு வந்தபின் பட்டனை அழுத்தி, கையால் ஒண்ணாம் கியர் போட்டு, டீக்கடைப் பக்கம் ஒரு சுற்று போய்த் திரும்பினாள். கொட்டுகிற வாய்க்கு முன்னால், நெட்டையன் கிளம்பிய அதே இடத்தில், மேட்டைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு பட்டனைப் பழையபடி மாற்றி, கியரை வண்டியிடமே விட்டுவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எங்களுக்குக் காட்டினாள், கை எதையும் தொடவில்லை என்று. இனி வண்டியின் பாடு.

ஒரு பொட்டு மூளை இல்லாத இரும்பு, இப்போது யோசித்து முடிவெடுக்குமாம், அதைப் பொறுத்துத்தான் என் மகள் லாரி ஓட்டுவாளா டிரம் கழுவுவாளா என்பது.

இஞ்சின் குரல் மாறியது. ஜன்னலிலிருந்து ஒரு விரல் வெளியே வந்தது.

"ஒண்ணு!" என்று நெட்டையன் கத்தினான். ஏதோ அவனே போட்ட மாதிரி.

வண்டி மேட்டில் கால் வைத்தது. மெதுவாக, ஆனால் முனகாமல். பாதி மேட்டைத் தாண்டியது. அவன் நின்ற இடத்தைத் தாண்டியது. வாசனை இல்லை. உச்சிக்குப் போனதும் ஒரு நீள ஹார்ன் கொடுத்தாள். நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி சைட்டுக்குப் போய்விட்டாள். கலவை காத்திருக்காதே.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க பொண்ணு வண்டி அவளுக்கே, பெரியவரே. அந்த ரிப்போர்ட்டையும் மாத்தி எழுதச் சொல்லிடறேன்."

"நானே எழுதறேன் சார்" என்றார் சர்வீஸ்காரர். "இடத்தைப் பார்க்காம எழுதினது என் தப்புதான்."

அந்த மனுஷன் அப்படிச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் கிளட்ச் விற்கிற கம்பெனிக்காரர்தானே.

"இனிமே புது வண்டி ரெண்டும் லோடு எடுத்ததும் டீக்கடையைச் சுத்திட்டுத்தான் மேட்டுக்கு வரணும். ரூல்" என்றார் மேனேஜர்.

நெட்டையன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "பார்த்தீங்களா பெரியவரே? நான் அன்னிலேர்ந்தே ரூல்படிதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப வேலையைப் பார்த்து நேராப் போறவ கிளட்சைக் கருக்குவா. வேலை நேரத்துல டீ குடிக்க ஊர் சுத்தறவன் வண்டியைக் காப்பாத்துவான். இதுதானே உங்க வண்டியோட நியாயம்?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றார் சர்வீஸ்காரர்.

"வேற எப்படிச் சொல்லணும்? நீங்களே சொல்லிக் குடுங்க."

அவர் சிரித்தார். பொறுமைசாலி. "அது கொஞ்சம் தெரியாத குழந்தை மாதிரிங்க. நகர்த்திக் காட்டினா தெரிஞ்சுக்கும். இன்னிக்கு நம்ம கண்ணு முன்னாடி சரியாப் போட்டுச்சு இல்ல?"

"இன்னிக்குப் போட்டுச்சு."

"நாளைக்கும் போடும்."

"நாளைக்கு வந்து நில்லுங்க, பார்க்கலாம்."

"அடுத்து வர்ற வண்டி உங்களுக்குத்தான் பெரியவரே" என்றார் மேனேஜர். "உங்க பழசை எவ்வளவு நாள் ஓட்டுவீங்க? ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பாருங்க. சார் சொல்லித் தருவார்."

"ஆமாங்க. முதுகு வலி போயிடும், இடது காலுக்கு வேலையே இல்ல..." என்று அவர் ஆரம்பித்தார்.

என் இடது கால் என்னிடம் புகார் எதுவும் சொல்லவில்லை. என் வண்டி வாய்க்குக் கீழே வருகிற முறை வந்துவிட்டது, மேலேயிருந்து கூப்பிட்டார்கள். நான் திரும்பி நடந்தேன். சாய்வு, சென்சார், அடுத்த மாடலில் தராசு உண்டு என்று அவர் பின்னால் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லட்டும். நான் நடையை நிறுத்தவில்லை.